துடுப்புக்கு அடித்த பறை

மலாயாவின் கேரி தீவில் நாங்கள் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்த காலத்தில், எங்கள் தோட்டத்துத் துரை பக்கத்துத் தோட்டத்தோடு ஆற்றில் படகுப் போட்டி வைத்தார். ஜெயிக்கிற படகுக்காரர்களுக்குத் தைப்பூசத்துக்கு லீவு என்றார். என் அக்காள் புருஷன் உடனே பெயர் கொடுத்தார். அவர்களுடைய பிள்ளை காய்ச்சலில் வயிறு வீங்கிக் கிடந்தது. பத்துமலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு மச்சான் விரதமும் தொடங்கியிருந்தார். லீவு இல்லாமல் தீவை விட்டு நகர முடியாது.

மச்சான் முன்னால் உட்கார்ந்து வலிப்பார். மற்றவர்கள் அவர் முதுகைப் பார்த்து வலிக்க வேண்டும். எல்லாத் துடுப்பும் ஒன்றாக விழ நான் பறை அடித்தேன். கல்யாணம், சாவு, காவடி என்று எல்லாவற்றுக்கும் அடிப்பவனுக்கு இது என்ன பெரிய வேலை என்ற மிதப்பு எனக்கு. உண்மையில் இதுதான் கஷ்டம். துடுப்பு தண்ணீரில் இறங்கும்போது ஓர் அடி. பிறகு கை சும்மா இருக்க வேண்டும். இழுத்தவர்கள் நிதானமாக முன்னால் சாய்ந்து வரும் அந்த நேரத்தில்தான் படகு தானாக ஓடும். அதை அவசரப்படுத்தினால் ஆளுக்கு மூச்சு வாங்கும், படகு ஓடாது.

போட்டியன்று பாதி தூரம் வரை நாங்கள்தான் முன்னால். கரையில் ஜனம் கத்தியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சும்மா இருக்க வேண்டிய இடத்தையெல்லாம் அடித்து நிரப்பினேன். கை தன் பழக்கத்துக்குக் காவடி அடிக்குத் தாவிவிட்டது. அந்த அடியைக் கேட்டால் அருள் வருகிற உடம்பு மச்சானுடையது. துடுப்பை எறிந்துவிட்டு எழுந்து ஆடினார். பின்னால் இருந்தவர்களின் துடுப்புகள் ஒன்றோடொன்று மோதின. கரையிலிருந்து துரை முறைப்பதைப் பார்த்ததும் பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்தினேன். மச்சான் துவண்டு படகுக்குள் விழுந்தார். பக்கத்துத் தோட்டத்துப் படகு சிரித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனது.

லயத்து வீடுகளில் எல்லோரும் என்னை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். ஏசாதவர் மச்சான் ஒருவர்தான். அதனாலேயே எனக்குச் சோறு இறங்கவில்லை. தைப்பூசத்தன்றும் வழக்கம்போல் மரம் வெட்டப் போனோம். அவர் விரதத்தை விடவில்லை. பக்கத்து வரிசையில் இருந்த நான் பொறுக்க முடியாமல் அவரிடம் போனேன்.

"என்னாலதானே மச்சான் நீங்க போவ முடியல. நாலு அறையாவது விடுங்களேன்."

அவர் கத்தியை மரத்திலிருந்து எடுக்கவில்லை.

"தோத்தது போவட்டும் மாப்ளே. சாமி வந்துச்சே, அப்ப ஏன் நிறுத்துன? இன்னும் கொஞ்சம் அடிச்சு, புள்ள பொழைக்குமான்னு கேட்டிருக்கலாமே."

பறையை நிறுத்திய அந்த நேரத்தில் எனக்குத் துரையின் முகம்தான் தெரிந்தது. பிள்ளையின் நினைவே வரவில்லை.