கண்ணாடி வெளிச்சம் பட்டால் அவுட்

காட்டூரில் வயல்வெளி பார்த்து வளர்ந்த என்னை லைட்ஹவுஸ் குப்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். எண்பதுகளின் தொடக்கம் அது. கட்டுமரங்கள் கரை திரும்பும்வரை பெண்களுக்குக் காலையில் மணலில் மீன் காயப்போட்டுக் காக்கை ஓட்டுவதுதான் வேலை. எனக்குச் சலிப்பாக இருந்தது.

ஒருநாள் என் மார்பில் ஒரு வெளிச்சப் பொட்டு வந்து ஆடியது. பூச்சி என்று தட்டிவிட்டேன். அது என் கைமேல் ஏறிக்கொண்டது. நிமிர்ந்தால், வலைக் குவியலுக்குப் பின்னால் என் நாத்தனார், கையில் வட்டக் கண்ணாடியோடு.

"அண்ணி, நீ அவுட்டு."

"இன்னாத்துக்கு?"

"வெளிச்சம் பட்டுச்சில்ல, அதான்."

மறுநாள் நானும் என் கல்யாணக் கண்ணாடியை இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். பக்கத்து வீட்டுப் பெண்களும் சேர, இரண்டு கட்சி ஆனோம். கழுத்துக்குக் கீழேதான் அடிக்க வேண்டும். கண்ணில் அடித்தால் அடித்தவளே அவுட். பட்டவள் உட்கார்ந்துவிட வேண்டும். சூரியன் கடல் பக்கம் இருப்பதால், கடலுக்கு முதுகு காட்டி நின்றவளின் கண்ணாடியில் வெளிச்சமே விழாது, தொலைந்தாள். இது புரியாமல் முதல் ஆட்டத்தில் நான் தண்ணீர் ஓரமாகவே ஓடி, எல்லாரிடமும் அடி வாங்கினேன். அப்புறம் பிடிபட்டது. கரையேற்றிய கட்டுமரத்துக்குப் பின்னால் பதுங்கி, மணலில் வெளிச்சத்தை ஊரவிட்டு, நாத்தனாரின் புடவைமேல் ஏற்றியபோது எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. அவள் படவில்லை என்றாள், நான் பட்டது என்றேன். சண்டை போட்டுக்கொண்டே இருவரும் மணலில் விழுந்து சிரித்தோம்.

அந்தச் சிரிப்பில் என் கண்ணாடி திரும்பி, வெளிச்சம் போய், மீன் கூடையோடு வந்த மாமியாரின் வயிற்றில் விழுந்தது. எல்லாரும் கண்ணாடிகளை முதுகுக்குப் பின்னால் மறைத்தோம். அவர் கூடையை இறக்கி வைத்தார். அதை மூடியிருந்த எவர்சில்வர் தட்டைக் கையில் எடுத்தார்.

"நான் எந்தக் கட்சி?"

அவர் அடித்தது பொட்டு இல்லை, பாய் அகல வெளிச்சம். ஒரே வீச்சில் மூன்று பேர் உட்கார்ந்தோம். யாராலும் எழுந்திருக்க முடியவில்லை, அவ்வளவு சிரிப்பு. அவர் மட்டும் சிரிக்காமல் தட்டைத் திருப்பித் திருப்பி ஆள் தேடினார்.

அப்போதுதான் கட்டுமரங்கள் வேகமாகக் கரைக்கு வருவதைப் பார்த்தோம். மாமனார் இறங்கி ஓடிவந்தார், பின்னால் என் கணவர்.

"யாருக்கு இன்னா ஆச்சு? கரையில வெளிச்சம் வெட்டிக்கினே இருந்துச்சே. ஆபத்துனு வலையக்கூடப் பாதியில இழுத்துட்டு வரோம்."

மாமியார் தட்டைச் சற்றே சாய்த்தார். மாமனாரின் ஈர மார்பு பளபளத்தது.

"நைனா அவுட்டு" என்றாள் நாத்தனார்.

அவர் குனிந்து தன் மார்பைப் பார்த்தார். என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்; தோள் மட்டும் குலுங்கியது.

அன்று கிடைத்த மீன் குழம்புக்குத்தான் ஆனது. மாமனார் சாப்பிடும்வரை முணுமுணுத்தார். மறுநாள் விடிகாலையில் கட்டுமரம் தள்ளும்போது சொன்னார்: "வெளாடுங்க, வேணான்னு சொல்லல. கண்ணாடியக் கடல் பக்கம் மட்டும் காட்டாதீங்க."

"சூரியன் அங்கதான கீது," என்றார் மாமியார். "அதுக்கு நான் இன்னா பண்றது?"