பஸ்ஸு மாமா காட்டிய யானை

1985ஆம் ஆண்டு, மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. இடம், செஞ்சி. தேதியையும் சொல்லிவிடுவேன், சொன்னால் என் மனைவி, "ஆரம்பிச்சிட்டாரு" என்பாள். அந்தப் பழக்கம்தான் அன்று என்னைக் கவிழ்த்தது.

அதற்கு முன்பு எனக்கு வேலை வெளியூரில். மனைவியும் மகளும் வல்லத்தில், மாமியார் வீட்டில் இருந்தார்கள். நான் மாதம் ஒருமுறை பஸ்ஸில் வந்து இறங்கி, மறுநாளே பஸ் ஏறிவிடுவேன். செஞ்சிக்கு மாற்றல் கிடைத்து, கடைத்தெருவுக்குப் பின்னால் வீடு பார்த்து இருவரையும் அழைத்துக்கொண்டு வந்தபோது மகளுக்கு இன்னும் மூன்று வயது முடியவில்லை. எங்கள் பக்கத்தில் அப்பாவை 'நைனா' என்பார்கள்; ஆனால் நான் அவளுக்கு 'பஸ்ஸு மாமா'. யார் சொல்லிக் கொடுத்தது என்று தெரியவில்லை. அவளே வைத்த பேராகத்தான் இருக்கும்.

மனைவிக்கு முதலில் சிரிப்பு. "நான் கூப்புட வேண்டியத உங்க பொண்ணு கூப்புடுறா" என்றாள். நானும் சிரித்தேன். ஆனால் சோறு ஊட்டப் போனால் குழந்தை வாயை இறுக மூடிக்கொள்வாள். பொழுது சாய்ந்தால் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "பஸ்ஸு மாமா எப்போ ஊருக்குப் போவும்?" என்று கேட்பாள். அதற்கு யாராலும் சிரிக்க முடியவில்லை.

அவளை எப்படியாவது என் பக்கம் இழுக்க வேண்டும் என்றுதான், அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சொன்னேன்: "கோட்டையில நெறைய யானை இருந்துச்சி. போலாமா?"

முதல் தடவையாக அவளாகவே வந்து என் முன்னால் நின்றாள். "யானையா?"

புளிச்சோறு கட்டிக்கொண்டு மூவரும் போனோம். ராஜகிரி அடிவாரத்தில் நான் என் சரக்கை அவிழ்த்தேன். எந்த வருடம் எவர் கட்டியது, முற்றுகை எத்தனை காலம் நீடித்தது, எல்லாம். குழந்தை எதையும் காதில் வாங்கவில்லை. யானைக்குளத்தின் கரையில் நின்று, "இங்கதான் யானைங்க குளிச்சுது" என்றேன். அவள் பாசி படர்ந்த தண்ணீரைப் பார்த்தாள். அக்கரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எங்க?"

"இப்போ இல்லம்மா. அப்போ இருந்துச்சி."

உதடு பிதுங்கியது. அடுத்த நொடி, மலை எதிரொலிக்கிற மாதிரி ஓர் அழுகை. "பஸ்ஸு மாமா பொய்யி! யானை இல்ல!"

மனைவி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "இருந்துச்சின்னா அவளுக்கு இன்னாங்க தெரியும்? இருக்குது, இல்ல. அவ்ளோதான் அவளுக்கு."

எனக்குச் சுருக்கென்றது. கடந்த காலத்தைப் பற்றி அவ்வளவு படித்தவன், அதற்கான சொல் ஒரு குழந்தைக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பதைக் கவனிக்கவில்லை. இனி இவள் என்னை நம்பவே மாட்டாள் என்று தோன்றியது.

வெயில் ஏறியதால் வரிசையாக வளைவுகள் உள்ள ஒரு கல் மண்டபத்துக்குள் ஒதுங்கினோம். மழை படாத இடம். தரையெல்லாம் மாவு போல் புழுதி. குழந்தை எனக்கு முதுகைக் காட்டி, விசும்பிக்கொண்டே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் விசும்பல் நின்றது. தூங்கிவிட்டாளோ என்று எட்டிப் பார்த்தேன். குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புழுதியில் புனல் வைத்து அழுத்தியது போல் சின்னச் சின்னக் குழிகள். ஒன்றின் விளிம்பில் எறும்பு சறுக்கியது. உடனே அடியிலிருந்து யாரோ மண்ணை வாரி எறிந்தார்கள்.

திரும்பாமலே கேட்டாள். "இது இன்னா?"

அவள் தானாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. வருடம் எதுவும் என் வாயில் வரவில்லை. சின்ன வயதில் கோயில் மண்ணில் பிடித்து விளையாடிய பூச்சியின் பேர்தான் வந்தது.

"குழியானை."

சட்டென்று திரும்பினாள். "யானையா?"

பக்கத்துக் குழியைப் புழுதியோடு அள்ளி உள்ளங்கையில் ஊதிக் காட்டினேன். சாம்பல் நிறத்தில், தொந்தியோடு, செத்தது போல் கிடந்தது. பிறகு மெல்லப் பின்பக்கமாகவே நகர்ந்தது. "ரிவர்ஸ்ல போவுது பாரு" என்றாள் மனைவி. குழந்தை கண்ணீர் காயாத முகத்தோடு கெக்கலித்தாள்.

"தும்பிக்கை எங்க?"

எனக்குத் தெரியவில்லை. "நீயே பாத்துச் சொல்லு" என்றேன்.

வெகுநேரம் பார்த்துவிட்டு, "மண்ணுக்குள்ள வெச்சிருக்குது" என்றாள்.

என் விரலைப் பிடித்துக்கொண்டு குழி குழியாக என்னை இழுத்துப் போனாள். இருவரும் புழுதியில் குப்புறப் படுத்துப் பார்த்தோம். புல்நுனியால் விளிம்பைத் தொட்டால் கீழிருந்து மண் பறப்பதை அவளே கண்டுபிடித்து எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். கையில் எடுத்ததைத் திரும்ப மண்ணில் விட்டபோது, "போய்ட்டு வா யானை" என்றாள். புளிச்சோற்றை அன்று என் கையாலேயே தின்றாள்.

வீடு திரும்பும்போது வாசலில் பக்கத்து வீட்டு அக்கா, "எங்கடி போன?" என்று அவளை நிறுத்தினார்.

"எங்க நைனா யானை காட்டுச்சி."

"அடேங்கப்பா! எவ்ளோ பெருசு?"

அவள் சுண்டுவிரல் நுனியைக் கட்டைவிரலால் கிள்ளிக் காட்டினாள். அக்காவும் மனைவியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் அக்காவிடம் சொன்ன முதல் இரண்டு வார்த்தைகளிலேயே நின்றுவிட்ட எனக்கு, சிரிப்புச் சத்தம் தாமதமாகத்தான் கேட்டது.

இன்றும் எந்தப் பழைய மண்டபத்துக்குள் நுழைந்தாலும், கல்வெட்டைத் தேடுவதற்கு முன் என் கண் தரைப் புழுதிக்குத்தான் போகிறது: இருந்ததைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் இருப்பதைப் பார்ப்போம் என்று.