முழுகத் தண்ணீர் இல்லாத காலை

என் அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது. அதனால் அப்பாவின் செத்தவீட்டை இந்தக் குளிர்தேசத்து ரொக்ஸ்பரோவில், நான் வாடகைக்கு இருக்கும் பேஸ்மென்டில் இருந்து கைபேசியில்தான் பார்த்தேன். நான் வைக்க வேண்டிய கொள்ளியைச் சித்தப்பாவின் மகன் வைத்தான்.

எல்லாம் முடிந்ததும் அம்மா திரையில் வந்தார்.

"தம்பி, முழுகிப்போட்டு ஒரு தேத்தண்ணி குடி. நேற்றிலிருந்து ஒண்டும் குடிச்சிருக்க மாட்டாய்."

குளியலறைக் குழாயைத் திருகினேன். ஒரு சொட்டும் வரவில்லை.

கடுங்குளிரில் தண்ணீர் உறைந்துபோகாமல் இருக்கக் குழாயைச் சொட்ட விடும்படி மேல்வீட்டுப் பெண்மணி சொல்லியிருந்தார். சாவுச் செய்தி வந்த வீட்டில் தண்ணீர் ஒழுகுவது ஆகாது என்று நான்தான் இறுக்கிப் பூட்டினேன். ஊருக்கும் போக முடியாமல், முழுகிச் சாவுத் துடக்கும் கழிக்க முடியாமல், அந்த நாலு சுவருக்குள் நின்று சத்தமாக அழுதேன்.

அழுகை கேட்டு அவர் இறங்கி வந்தார். கைபேசியில் அப்பாவின் படத்தைக் காட்டினேன்.

"பப்பா?" என்றார்.

தலையாட்டினேன். தண்ணீர் வராத குழாயையும் காட்டினேன்.

தலைமயிர் காயவைக்கும் மெஷினை எடுத்து வந்தார். குழாயைத் திறந்துவிட்டு, கைகழுவும் பேசினுக்குக் கீழே முழங்காலில் இருந்து, குழாய்வாய்ப் பக்கத்திலிருந்து சுவரை நோக்கி மெல்ல மெல்லச் சூடு காட்டினார். வெகுநேரத்துக்குப் பிறகு குழாய் இருமியது, தண்ணீர் வந்தது. அவர் மேலே போனதும் முழுகினேன்.

"முழுகிட்டியோ?" என்று, மறுபடி திரையில் வந்த அம்மா கேட்டார்.

"ஓம் அம்மா."

அப்பாவுக்கு என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். இப்போதெல்லாம் குளிர் இரவுகளில் குழாய் சொட்டுவது கேட்டால், பூட்ட எழும்புவதில்லை. படுத்தபடி கேட்டுக்கொண்டிருக்கிறேன்.