அண்ணனுக்கு உப்புத் தண்ணீர் கொடுத்தவள்

அண்ணன் நம்மை விட்டுப் பிரிந்து ஒரு வருடம் நிறைகிறது. நினைவு ஆராதனைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் சபையாருக்கும் தங்கையின் அன்பான வாழ்த்துதல். இந்தக் கட்டுரையை அண்ணனின் மூத்த மகன் எழுதுவதுதான் முறை. அவன் வளைகுடாவிலிருந்து, “அத்தை எழுதட்டும், அவங்கதானே டீச்சர்” என்று சொல்லிவிட்டான். எனக்கு எழுத வரும் என்று அவனுக்குத் தெரியும். பொய் சொல்லவும் வரும் என்பது அவனுக்குத் தெரியாது. அண்ணனின் மரணத்தைப் பற்றி ஒரு வருடமாக நீங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கும் ஒரு விஷயம் தவறு. அதைத் திருத்தத்தான் நான் ஒப்புக்கொண்டேன். அதற்கு முன் அண்ணனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் பிறந்தது களியக்காவிளையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் அப்பாவின் ஓட்டு வீட்டில். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். மஞ்சள் காமாலையில் அவர் போனபோது அண்ணனுக்குப் பதினாறு வயது, எனக்கு ஏழு. அந்த வருடமே அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மார்த்தாண்டத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தார். நான் பி.எஸ்ஸி. வேதியியலும் பி.எட்.டும் படித்தது அந்தச் சம்பளத்தில்தான். “நமக்கு எஞ்சின் போதும், இவளுக்குப் புஸ்தகம்” என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். எனக்கு அப்போது வெட்கமாக இருக்கும்.

பிறகு பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் ஜீப் ஓட்டினார். அங்கேதான் மைனியைக் கல்யாணம் செய்தார். மைனி எட்டாம் வகுப்பு வரை படித்தவர். இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்த பிறகு அண்ணன் வளைகுடாவுக்குப் போய்ப் பதினான்கு வருடம் ஒரு கராஜில் வேலை பார்த்தார். திரும்பி வந்தபோது முதுகு வலியும் ஒரு பெட்டி ஸ்பேனரும் கொண்டுவந்தார்.

எனக்கு வந்த வரன்கள் எதுவும் அமையவில்லை. ஒரு வயதுக்குப் பிறகு அந்தப் பேச்சை வீட்டில் எடுக்கக் கூடாது என்று அண்ணன் தடை போட்டுவிட்டார். அம்மா இறந்ததும் நான் அண்ணன் வீட்டுக்கு வந்தேன். மேற்குப் பக்கத்து அறையை ஒழித்து, கட்டில் போட்டு, “இது உனக்க முறி, யாரும் கேக்கமாட்டாவ” என்று சொன்னவர் மைனி. இன்றும் நான் அந்த அறையில்தான் இருக்கிறேன்.

அண்ணனை முன்கோபி என்று சொல்லாமல் விட்டால் அவரைத் தெரிந்த யாரும் இந்தக் கட்டுரையை நம்பமாட்டார்கள். ஸ்குரூவைத் தப்பாகத் திருப்பியவனை மூன்று தலைமுறை சேர்த்து ஏசுவார். அடுத்த அரைமணி நேரத்தில் அவனுக்குச் சாயா வாங்கிக் கொடுப்பார். ஆராதனைக்கு ஒரு ஞாயிறும் தவறமாட்டார், பிரசங்கத்துக்கு ஒரு ஞாயிறும் விழித்திருக்கமாட்டார். ஊரில் யாருக்கு வண்டி நின்றாலும், சாப்பாட்டுத் தட்டை மூடி வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

பச்சை வண்டியை உங்களுக்கெல்லாம் தெரியும். எஸ்டேட் துரை ஒருவர் வைத்திருந்து, கோழிகள் அடைந்து கிடந்த பழைய கார் அது. அண்ணன் அதை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, மூன்று வருடம் அடித்தும் தட்டியும் ஓட வைத்தார். அதன்பிறகு நம் குடும்பத்தில் எந்தப் பெண் மணப்பெண்ணாகக் கோயிலுக்குப் போனாலும் அந்த வண்டியில்தான் போனாள். இதை வாசிக்கும் பெண்களில் பலர் அதன் பின்சீட்டில் புடவை கசங்காமல் உட்காரப் பாடுபட்டவர்கள்தான்.

போன வருடம் மைனியின் தம்பி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அந்தச் சமயம் பார்த்து வண்டி சண்டித்தனம் செய்தது. சமதரையில் நன்றாக ஓடும். மேடு ஏறினால் இருமிக்கொண்டு நின்றுவிடும். பத்து நிமிடம் கழித்து ஒன்றும் நடக்காதது மாதிரி மறுபடியும் ஸ்டார்ட் ஆகும். “எஞ்சினுக்கு நோய் இல்ல, வயித்துக்குத் தீனி போய்ச் சேரல்ல” என்றார் அண்ணன். வேறு மெக்கானிக்கைத் தொடவிடவில்லை. கார் ஷெட்டிலேயே ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார்.

முதலில் கார்புரேட்டர். அதைச் சாப்பாட்டு மேசையில் பத்திரிகைத் தாள் விரித்துப் பிரித்துப் போட்டார். ஊசி முனை அளவு துளை உள்ள சின்னப் பித்தளைத் துண்டுகளை ஊதி ஊதிப் பார்த்தார். துளைகளில் செம்மண் மாதிரித் துரு அடைத்திருந்தது. “குழம்பெல்லாம் பெட்ரோல் வாட அடிக்குது, பிள்ளைக்குக் கல்யாணமா, வண்டிக்குக் கல்யாணமா?” என்று மைனி சத்தம் போட்டார். அடுத்து எஞ்சினோடு இருக்கும் பெட்ரோல் பம்பைத் திறந்தார். உள்ளே இருந்த ரப்பர் தகடு கிழிந்திருந்தது. இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்களே, அது பழைய ரப்பரை அரித்துவிடுகிறது என்று நான்தான் விளக்கினேன். “எனக்க தங்கச்சி ரப்பருக்கும் டாக்டர்” என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் பெருமையடித்தார். புது ரப்பர், புதுக் குழாய் எல்லாம் மாட்டியும் துரு வருவது நிற்கவில்லை. அது டேங்கிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

டேங்கை இறக்கிக் கழுவ வேண்டுமென்றால் முதலில் உள்ளே இருக்கும் பெட்ரோலை வெளியே எடுக்க வேண்டும். அடியில் இருந்த திருகு துருப்பிடித்து இறுகிவிட்டது. பலமாகத் திருகினால் டேங்கே பிய்ந்துவிடும் என்றார். எனவே மேல்வாயில் டியூபை விட்டு, மறுமுனையை வாயில் வைத்து இழுத்து, பெட்ரோல் வரத் தொடங்கியதும் கேனில் விடுவது என்று முடிவு செய்தார். பதினாறு வயதில் ஒர்க்‌ஷாப்பில் படித்த முறை அது. இளைய மகன் இதற்கென்றே ஒரு கைப்பம்பு வாங்கி வைத்திருந்தான். அண்ணன் அதன் கவரைக்கூடப் பிரிக்கவில்லை. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று நாக்குதான் சொல்லும், பிளாஸ்டிக் சொல்லாது என்பது அவர் கட்சி. பேட்டரியைக் கழற்றினார், அடுப்பை அணைக்கச் சொன்னார், தரையை நனைத்தார். நெருப்புக்கு அவ்வளவு பயந்த மனிதர் பெட்ரோலுக்குப் பயப்படவில்லை.

அது ஒரு சனிக்கிழமை காலை. கேனைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் குந்தியிருந்தேன். அண்ணன் முதல் இழுப்பு இழுத்தார், வரவில்லை. இரண்டாவது இழுப்புக்கு டியூபை வாயில் வைத்தபோது நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு வாய் நீளம். “வண்டிக்கு முத்தம் குடுத்தது போதும் அண்ணா, மைனி பாத்தா சண்டைக்கு வருவாவ” என்றேன். அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு பெட்ரோலும் உள்ளே போய்விட்டது.

கொஞ்ச நேரம் இருமினார். கண்ணெல்லாம் சிவந்தது. பிறகு எழுந்து நின்று, “ஒண்ணும் இல்ல மக்கா, ஒரு மடக்கு உள்ள போச்சு. எத்தன மடக்குக் குடிச்சிருக்கேன்” என்றார். சத்தம் கேட்டு மைனி ஓடி வந்தார். நான் அதற்குள் அடுக்களைக்குப் போய் ஒரு செம்பு நிறைய உப்புத் தண்ணீர் கலக்கிவிட்டேன்.

எங்கள் வீட்டில் அதுதான் முதல் மருந்து. சின்ன வயதில் நான் அரளிக்காயைத் தின்றபோது அம்மா உப்புத் தண்ணீர் கொடுத்துத்தான் வாந்தியெடுக்க வைத்தார், பிழைத்தேன். அதற்குப் பிறகு யார் எதை விழுங்கினாலும், பிள்ளைகள் சோப்பைத் தின்றாலும், எங்கள் கை உப்பு ஜாடிக்குத்தான் போகும். ஆனால் நான் வெறும் தங்கை இல்லை. இருபத்தெட்டு வருடம் பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தியவள். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ குடித்தவரை வாந்தியெடுக்க வைக்கக் கூடாது, அது திரும்பி வரும்போது நுரையீரலுக்குள் போய்விடும் என்று எத்தனையோ வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன், தேர்வில் கேள்வியாகவும் கேட்டிருக்கிறேன். அன்று காலை அது என் நினைவுக்கே வரவில்லை.

மைனி என் கையைப் பிடித்தார். “ஒண்ணும் குடுக்காண்டாம். சும்மா இரிக்கட்டு. நீ ஆட்டோவ விளி, ஆஸ்பத்திரிக்குப் போவோம்” என்றார்.

“உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, மைனி. விடுங்க” என்றேன். இந்த வார்த்தைகளை நான் சொன்னேன்.

அண்ணன் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். மைனியிடம், “ஏட்டி, அவ படிச்சவ. அவ சொன்னா சரியாத்தான் இரிக்கும்” என்று செம்பை வாங்கி முழுவதையும் குடித்தார். ஷெட்டுக்குப் பின்னால் வாழை மூட்டில் மூன்று தடவை வாந்தியெடுத்தார். “இப்ப சுகம்” என்றார். மதியம் சோறு வேண்டாமென்றார். சாயங்காலம் காய்ச்சல் கொதித்தது, மூச்சு இழுத்தது. அப்போதுதான் ஆட்டோவைக் கூப்பிட்டோம்.

மருத்துவமனையில் இளம் பெண் மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, “வீட்டுல யாராவது வாந்தியெடுக்க வெச்சீங்களா?” என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வியிலேயே எல்லாம் விளங்கிவிட்டது. என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. மைனி என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு, “நான்தான் உப்பு வெள்ளம் கலக்கிக் குடுத்தேன், டாக்டரே” என்றார். இளையவன் பக்கத்தில் நின்றான். விழுங்கும்போது கொஞ்சம் போயிருக்கலாம், வாந்தியில்தான் நுரையீரலுக்குள் அதிகம் போயிருக்கிறது என்று மருத்துவர் அவனிடம் சொன்னார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள், செயற்கைச் சுவாசக் கருவி வைப்பதற்கு முன், அண்ணன் என்னைக் கூப்பிட்டார். முகமூடியை விலக்கி, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். “நீ அதை நெனச்சு விசனப்படாத. ஆனா பழிய மைனிமேல போட்டிராத, கேட்டியா?” என்றார். சரி அண்ணா என்றேன். ஒன்பதாம் நாள் காலை அண்ணன் போய்விட்டார்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் பேசியதை நான் கேட்டேன். “படிப்பில்லாதவ செஞ்ச வேல” என்றார்கள். “டீச்சர் வீட்டுல இருந்துமா இப்படி?” என்று என்னிடமே ஒருவர் கேட்டார். “நான் அப்ப தோட்டத்துல நிண்ணேன்” என்றேன். மௌனமாக மட்டும் இருந்தேன் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். வாய் திறந்து பொய் சொன்னேன். அதற்குப் பிறகு மைனி பெண்கள் சங்கக் கூட்டத்துக்குப் போவதை நிறுத்தினார். தம்பி மகள் கல்யாணத்துக்கும் போகவில்லை. மூத்தவன் வாரம்தோறும் ஃபோன் செய்வான். அம்மா எடுத்தால், “அத்தைகிட்ட குடுங்க” என்பான். என்னிடம் அரைமணி நேரம் பேசுவான். மாத்திரை சாப்பிடுகிறேனா என்று விசாரிப்பான். மைனி அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.

ஆஸ்பத்திரியில் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று ஒருநாள் மைனியிடம் கேட்டேன். “அவனுவ என்ன எத்தன ஏசினாலும் நான் அம்ம இல்லேண்ணு ஆவுமா? உன்ன ஏசினா நீ எங்க போவ?” என்றார். அதற்கு மேல் பேசவிடவில்லை.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் மைனியிடம் வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். “உப்பு வெள்ளம் எழுதின எடத்த எடுத்திரு” என்றார். எடுக்கமாட்டேன் என்றேன். “அவரு போனாரு. இனி இது எதுக்கு?” என்று கேட்டுவிட்டு அழுதார். ஒரு வருடத்தில் மைனி என் முன்னால் அழுதது அப்போதுதான். நான் எடுக்கவில்லை.

கூப்பிட்டதும் ஓடி வந்த ஆட்டோக்காரருக்கும், ஒன்பது நாளும் அண்ணனைக் கவனித்த மருத்துவர், செவிலியர்களுக்கும், இரத்தம் கொடுத்த வாலிபர்களுக்கும், தினமும் வந்து ஜெபித்த போதகருக்கும், கல்லறைத் தோட்டத்தில் மழையில் நின்ற பாடகர் குழுவுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் கஞ்சி கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. என்னைப் படிக்க வைத்த அண்ணனுக்கு நான் கடைசியாகக் கொடுத்தது அந்த உப்புத் தண்ணீர்தான். அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வழியில்லை. மைனியிடம் கேட்டுவிட்டேன். அவரைத் தவறாகப் பேசிய நீங்கள் அனைவரும், நான் சொன்ன பொய்யை நம்பித்தான் பேசினீர்கள்.

மூத்தவனே, இந்த ஆராதனைக்காக லீவு எடுத்து வந்திருக்கிறாய். மலரை வாங்கி என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருப்பாய். எழுந்து போ. அந்தப் பக்கம் கடைசி பெஞ்சில் உன் அம்மா தனியாக உட்கார்ந்திருப்பார்.