கல்லடிப் பாலத்தில் ஒரு பஞ்சுப் போர்வை

வெட்கக்கேடான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல் துண்டில், ஏசி இல்லாத அறையில், எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் இருக்கிற சூட்டையே கலக்கிக் கலக்கித் தருகிற ஒரு ஃபேனுக்குக் கீழே படுப்பதற்காக, பனிநாட்டவர்கள் போர்த்துகிற மொத்தமான பஞ்சுப் போர்வையை நான் வாங்கினேன். யாரும் என்னை ஏமாற்றி விற்கவில்லை. கடைக்காரர் தடுத்தும் வாங்கினேன்.

குற்றத்தில் பாதி நான் படித்த புத்தகங்களுடையது. குளிர்நாட்டு நாவல்களில் காதலில் தோற்றவர், சொத்தை இழந்தவர், மழையில் நனைந்தவர் எல்லோரும் கடைசியில் ஒரே வேலையைத்தான் செய்வார்கள். கட்டிலில் ஏறி, பஞ்சுப் போர்வையை நாடிவரைக்கும் இழுத்துவிட்டுக்கொள்வார்கள். அடுத்த அத்தியாயத்தில் சுகமாகி எழும்புவார்கள். இதை இளவயது முதல் வாசித்து வந்த ஒருவனுக்கு இந்த மருத்துவத்தில் ஒரு நம்பிக்கை உருவாகிவிடுகிறது.

மற்றப் பாதி பாசிக்குடாவுடையது. போர் முடிந்து அந்தக் கரையில் ஹோட்டல்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். அதிலொன்றில் மன அழுத்தத்தைக் குறைப்பது பற்றி ஒரு பயிற்சிப் பட்டறை நடந்தது. நான் மொழிபெயர்ப்பாளனாகப் போயிருந்தேன். இரவு அறைக்குள் போனால், கட்டிலில் வெள்ளை உறை போட்ட பஞ்சுப் போர்வை. உள்ளே புகுந்ததுதான் தெரியும். காலையில் கதவைத் தட்டித்தான் எழுப்பினார்கள். பயிற்சி தொடங்கிவிட்டது, மொழிபெயர்ப்பாளன் இல்லாமல் இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார்கள். பல வருடங்களுக்குப் பிறகு வந்த தூக்கம் அது. மேலே கிடக்கும் பாரம்தான் மனிதனைத் தூங்கவைக்கிறது என்று அன்றே முடிவுகட்டினேன். அந்த அறையில் ஏசி இருந்ததைக் கணக்கில் எடுக்க மறந்துவிட்டேன். கோட்பாடு உருவாக்கும்போது இப்படிச் சின்ன விஷயங்கள் தவறிப்போவதுண்டு.

ஆனால் அந்தத் தூக்கத்தை நான் வீட்டுக்குக் கொண்டுவர நினைத்தது எனக்காக அல்ல. என் மனைவி கட்டிலில் படுப்பதை விட்டு அப்போது பல வருடமாகியிருந்தது.

சுனாமியாகக் கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நான் கட்டிலில்தான் கிடந்தேன். லீவு நாளில் வெயில் ஏறும்வரை படுத்திருப்பது என் பிறப்புரிமை என்று எண்ணியிருந்த காலம். மனைவி ஓடிவந்து காலைப் பிடித்து இழுத்தாள். நான் கட்டிலுக்கு மேல் கட்டியிருந்த நுளம்பு வலையையும் சேர்த்துக்கொண்டு வந்தேன். வலையில் சிக்கிய சுறாவைப் போல என்று எழுத ஆசைதான். அவள் கெளுத்தி என்கிறாள். அப்படியே என்னை இழுத்துக்கொண்டு முன்வீட்டு மாடிப்படியில் ஏறினாள். எங்கள் ஒழுங்கையின் வீடுகளிலிருந்து அன்று அந்தப் படிவரைக்கும் வந்து சேர முடியாமற்போனவர்களைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.

வீடு போயிற்று. கட்டிலும் போயிற்று. எங்கள் பக்கத்தில் வீடும் கட்டிலும் பெண்ணுக்குரியவை. மாப்பிள்ளை என்பவன் இடுப்பில் கட்டிய சாரத்தோடு வந்து சேருகிறவன். ஆகவே இழப்பெல்லாம் அவளுடையது. என்னுடைய இழப்பு ஒரு சாரமும் மூக்குக்கண்ணாடியும். புது வீடு கட்டியபின் நிவாரணக்காரர்கள் ஒரு கட்டில் தந்தார்கள். ஒருவருக்குப் பெரிது, இருவருக்குச் சிறிது. மனஸ்தாபம் இல்லாத நாளில் மட்டுமே இருவர் படுக்கக்கூடிய அளவு. அதில் நான் படுத்தேன். அவள் வாசற்கதவுக்குப் பக்கத்தில் பாய் விரித்தாள். தலைமாட்டில் ஒரு பை. போர்க்காலத்தில் கதவில் தொங்கிய அதே பைதான். ஷெல் சத்தம் கேட்டால் தூக்கிக்கொண்டு ஓடுவதற்காக வைத்தது. கடல் வந்தபின் அது தலைமாட்டுக்கு இறங்கியது. பிறகு போரும் முடிந்தது. பை அங்கேயே இருந்தது.

அந்தப் பையில் அவளுக்கு ஒரு குறையும் உண்டு. கடல் வந்தபோது அதுதான் கையில் இருந்தது. அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், கலியாணப் பத்திரம், காணி உறுதி எல்லாம் அதில் கசங்காமல் நனையாமல் வந்து சேர்ந்தன. முகாமில் நாங்கள் யார் என்று எவருக்கும் நிரூபிக்கக்கூடிய நிலையில் இருந்தோம். கஞ்சி வைக்கத்தான் ஒரு சட்டி இல்லை.

இப்படிப்பட்டவளைப் பஞ்சுப் போர்வையால் கட்டிலுக்குத் திருப்பி எடுக்கலாம் என்று நான் நம்பினேன். காத்தான்குடியில் எங்களுக்கு வழக்கமான துணிக்கடைக்கு அவளையும் அழைத்துக்கொண்டு போனேன். கடைக்காரரை ஊரெல்லாம் அழைப்பதுபோல நாங்களும் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். அண்ணன் என்கிற அர்த்தத்தில். போர்வையைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"குளிர் நாட்டுக்குப் போறீங்களா சேர்?"

வீட்டுக்குத்தான் என்றேன். அப்படியென்றால் ஏசி போட்டிருப்பீர்கள் என்றார். ஃபேன் என்றேன். டொக்டர் பிழையாக எழுதிய மருந்துத் துண்டை மருந்துக் கடைக்காரர் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். பிறகு, நல்ல பருத்தி பெட்ஷீட் ஒன்று தரட்டுமா என்று மெதுவாகக் கேட்டார். நான் அசையவில்லை. கட்டிலை என் சாரத்தால் அளந்து வந்திருந்தேன். நீளம் ஒரு சாரம், அகலம் அரைச் சாரத்துக்குக் கொஞ்சம் கூட. அந்த அளவு உலகத்தில் எந்த நாட்டிலும் தயாரிக்கப்படுவதில்லை என்று தெரிந்தது. ஒற்றைக் கட்டில் போர்வை இருவருக்குள் சண்டை மூட்டும். இரட்டைக் கட்டிலுடையது இரண்டு பக்கமும் நிலத்தைத் துடைக்கும். சமாதானத்தை விரும்புகிறவன் என்பதால் பெரியதை எடுத்தேன். மெதுமையை அறிய அதில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். காக்கா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

உறையைத் தெரிவுசெய்வதில்தான் மனைவி வாய் திறந்தாள். ஹோட்டலில் கண்டது போன்ற வெள்ளை உறையை நான் கையில் வைத்திருந்தேன். அவள் அதை வாங்கி, பொத்தான்களைப் பார்த்துவிட்டு, கழற்ற நேரமெடுக்கும் என்று ஒதுக்கினாள். அடுத்ததில் சிப் இருந்தது. உப்புக்காற்றுக்கு இறுகிப்போகும் என்று அதையும் ஒதுக்கினாள். மூன்றாவதற்குள் தோள்வரைக்கும் கையை விட்டுத் துழாவினாள்.

"காக்கா, இதுக்குள்ள எவ்வளவு கொள்ளும்?"

அவர் பஞ்சின் நிறையைச் சொல்லத் தொடங்கினார்.

"பஞ்சில்ல. சாமான்."

காக்கா பஞ்சைக் கீழே வைத்தார். "வீடு கடலடியா தங்கச்சி?" என்று கேட்டார். ஓம் என்றாள். ஸ்டூலில் ஏறி மேல்தட்டிலிருந்து ஒரு உறையை இறக்கினார். கருஞ்சிவப்பு, அதில் பூசணிக்காய் அளவில் ரோசாப் பூக்கள். இரட்டைத் தையல், வாயில் அகலமான நாடாக்கள். ஓர் இழுப்பில் அவிழும், ஓர் இழுப்பில் முடியலாம், அரிசி மூட்டையைப் போட்டு இழுத்தாலும் கிழியாது, தங்கள் வீட்டிலும் இதுதான் என்றார். நான் அப்போது வெள்ளை உறையின் நூல் நெருக்கத்தை விரலால் ஆராய்ந்துகொண்டிருந்தேன். இரண்டு பேரும் ரசனை கெட்டவர்கள் என்று தோன்றியது.

அந்தப் போர்வைக்குள் நான் பட்ட பாட்டை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. இடியப்பம் ஆவியில் என்ன உணரும் என்று எனக்குத் தெரியும். முதுகெல்லாம் வேர்க்குரு. வேர்க்கிறதா என்று பாயிலிருந்து கேட்டாள். இல்லை, நல்ல சுகம், வந்து பார் என்றேன். அவள் விசிறியால் தன்னை விசிறிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"கடல் வந்தா இதுக்குள்ள இருந்து எப்பிடி வெளிய வருவீங்க?"

நான் படித்த நாவல்களில் யாருக்கும் அந்தக் கேள்வி வந்ததில்லை.

கொஞ்ச நாளில் போர்வை கட்டிலின் கால்மாட்டுக்கு நகர்ந்து, அங்கே காட்சிப் பொருளாகிவிட்டது. தோற்றதாக நான் ஒப்புக்கொள்ளவில்லை. மழைக்காலம் வரட்டும் என்றேன். மழைக்காலம் வந்தது, புழுங்கியது.

பிறகு ஒரு சித்திரையில், வருடப்பிறப்புக்குச் சில நாள் முந்தி, மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். அவள் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். சுவர்க் கலண்டர் தானாக ஆடியது. சிறிது நேரத்தில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: தூரத்தில் பெரிய நிலநடுக்கம், கடலோரத்தில் இருப்பவர்கள் உடனே வெளியேறவும்.

அவள் கத்தவில்லை. காஸை நிற்பாட்டினாள். கட்டிலடிக்கு வந்தாள். நாடாவை ஓர் இழுப்பு, உறையை ஓர் உதறு. றாலைக் கோது நீக்கியதுபோலப் பஞ்சு வெளியே வந்து விழுந்தது. உறைக்குள் பத்திரப் பை போயிற்று. சட்டி, கேத்தில், அரிசி, தேயிலை, சீனி, மாற்று உடுப்பு, கடைசியாகச் சுடச்சுட முறுக்கு டின். நாடாவை முடிந்து முதுகில் போட்டாள். நான் காற்சட்டைக்குள் ஒரு காலை விட்டிருந்தேன்.

"இஞ்சேருங்க, முக்கியமானதத் தூக்கிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டினாள்.

வீட்டில் ரேடியோ இருந்தது. தண்ணீர்ப் போத்தல் இருந்தது. மருந்துப் பெட்டி இருந்தது. நான் பஞ்சுப் போர்வையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

எங்கள் மணல் துண்டிலிருந்து டவுனுக்குப் போகக் கல்லடிப் பாலத்தைத்தான் கடக்க வேண்டும். அப்போது இருந்தது பழைய இரும்புப் பாலம். எதிரும் புதிருமாக இரண்டு வாகனம் போக முடியாத அகலம். அதில் ஊரே ஏறிவிட்டது. ஆட்டோ, சைக்கிள், ஒரு ஆடு, கிளிக்கூடு. நடுவில், சித்திரை வெயிலில், உரித்த வெள்ளைப் போர்வையைத் தலையில் சுமந்துகொண்டு நான். இரண்டு முனைகளும் தொங்கிக் கண்ணை மறைத்தன. முன்னால் போன ரோசாப் பூக்கள் தெரிந்திராவிட்டால் மனைவியைத் தவறவிட்டிருப்பேன். அந்த நிறத்தைத் தெரிந்தெடுத்த காக்காவை அப்போதுதான் புரிந்துகொண்டேன். மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த ஒருவர், வீட்டில் யாருக்கும் காய்ச்சலா என்று அக்கறையோடு விசாரித்தார். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

அக்கரையில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் பொழுது சாயும்வரை இருந்தோம். எல்லோரும் கையில் பத்திரப் பையோடு, வாவிப் பக்கமே பார்த்தபடி. மனைவி மட்டும் நாடாவை அவிழ்த்து, மூன்று கல்லைக் கூட்டி, கேத்திலை ஏற்றினாள். எங்கள் ஒழுங்கைக்கே தேத்தண்ணி கிடைத்தது; ஆளுக்கொரு முறுக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் என் போர்வையில் கால் நீட்டி அமர்ந்து குடித்தார்கள். அவள் முகத்தைப் பார்த்தேன். விருந்துக்கு வந்தவர்களைக் கவனிக்கிற முகம் அது. அன்று கடல் வரவில்லை. ஆபத்து நீங்கியது என்ற அறிவிப்பு வந்ததும், கேத்திலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் எழும்பினாள்.

வீட்டுக்கு வந்து உறையை உதறி, பஞ்சை உள்ளே திணித்து, நாடாவை முடிந்தாள். கதவடியில் அன்று பாய் விரியவில்லை. அந்தச் சிறிய கட்டிலின் ஓரத்தில் வந்து படுத்தாள். நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

காலையில் தேத்தண்ணியும் கையுமாகக் குசினி வாசலில் நின்றேன். என் கோட்பாடு இவ்வளவு காலத்துக்குப் பிறகு நிரூபணமாகியிருந்தது. பேசாமல் இருக்க முடியவில்லை. பார்த்தாயா புள்ள, கடைசியில் இந்தப் போர்வைதான் உன்னைக் கட்டிலுக்குக் கொண்டுவந்தது என்றேன்.

அவள் தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

"போர்வையுமில்ல ஒண்டுமில்ல. அவசரத்தில நீங்க என்னத்தத் தூக்குவீங்க எண்டு நேத்துத்தான் கண்டன். இனி உங்களத் தனிய விட்டுட்டு வாசல்ல படுக்க ஏலாது."