ஆறு நாற்பத்திரண்டு முதல் ஆறு ஐம்பத்தாறு வரை

தொலைபேசி அடித்தபோது வெல்டா ஹார்ட்ஸெல் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, தான் வேலை பார்த்த ஆண்டுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை பத்து மணிக்கு எல்டன் ஸ்ப்ரேக் என்பவர் டேப் ரெக்கார்டரோடு வருவதாக இருந்தது. அவர் முன்னாள் அமெரிக்க அதிபர் ஒருவரின் ஆவண நூலகத்தைச் சேர்ந்தவர். அந்த அதிபரிடம் வேலை பார்த்த சமையல்காரர் முதல் அமைச்சர் வரை ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்து, பேசவைத்து, பதிவு செய்வதுதான் அவருக்குப் பிழைப்பு.

"வெல்டா? குரல் அடையாளம் தெரியுதா?"

தெரிந்தது. இருபத்திரண்டு வருடம் ஆகியும் அந்தக் குரலைக் கேட்டதும் அவள் முதுகு தானாக நிமிர்ந்தது. ராயல் டென்ஸ்மோர், அதிபரின் அந்தரங்க உதவியாளராக இருந்தவர். இப்போது அதே நூலகத்தின் புரவலர் குழுவுக்குத் தலைவர்.

"நல்லா இருக்கீங்களா மிஸ்டர் டென்ஸ்மோர்?"

"எனக்கென்ன, முட்டிதான் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. நாளைக்கு ஸ்ப்ரேக் வர்றானாமே? நல்ல ஆளுதான். கொஞ்சம் துருவுவான். நீ அந்தக் கிறிஸ்துமஸ் விருந்து, நாய்க்குட்டி கதையெல்லாம் எடுத்து விடு. ஜனங்களுக்கு அதுதான் பிடிக்கும்."

"சரிங்க."

"இந்த வயசுல ஞாபகம் குழம்பும் வெல்டா. நேத்து என்ன சாப்பிட்டோம்னு எனக்கே நினைவில்லை. நிச்சயமில்லாததைச் சொல்லி அது காகிதத்துல ஏறிடுச்சுன்னா யாருக்குக் கெட்ட பேரு? பக்கத்துக்கு அடியில இருக்கிறது உன் எழுத்துதானே? என்னோடது இல்லையே." மெதுவாகச் சிரித்துவிட்டு, நோலாவை விசாரித்ததாகச் சொல்லச் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

தங்கை நோலா கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். "யாரு?"

"டென்ஸ்மோர்."

"அந்த வழுக்கு மரமா? அவனுக்கு இன்னும் உசுரு இருக்கா? என்னவாம்?"

"சும்மா விசாரிச்சார்."

"இருபது வருஷமா விசாரிக்காதவன் இன்னிக்கு விசாரிக்கிறான். நீயும் சும்மாங்கிறே. உன் மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கு, போய்க் கண்ணாடியில பாரு."

வெல்டா மறுநாள் கேக்குக்கு மாவு சலிக்கப் போனாள்.

மேற்கு வர்ஜீனியாவில் ரயில் பட்டறையை நம்பிப் பிழைக்கும் கீஸர் ஊரில் பிறந்தவள் அவள். பத்தொன்பது வயதில் ஒரு பெட்டியோடு வாஷிங்டனுக்கு வந்தாள். தட்டச்சில் அவள் விரலுக்கு ஈடு கிடையாது. ஒவ்வொரு அலுவலகமாக ஏறி, முப்பத்தெட்டாம் வயதில் அதிபர் மாளிகையின் மேற்குப் பகுதியில், ஜன்னல் இல்லாத ஓர் அறைக்கு வந்து சேர்ந்தாள். அதிபரின் அன்றாட நாட்குறிப்பைத் தட்டச்சு செய்வது அவள் வேலை. வாசல் காவலர்கள் எழுதிய துண்டுச்சீட்டு, உள்கதவுப் பணியாளர் எழுதிய சீட்டு, தொலைபேசி இணைப்பாளர்களின் சீட்டு, மூன்றும் மறுநாள் காலையில் அவள் மேஜைக்கு வரும். யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார், யாரோடு எத்தனை நிமிடம் பேச்சு, எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்து அடிப்பாள். பக்கத்தின் அடியில் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போடுவாள்.

அதில் அவளுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. ஒருமுறை அதிபருக்கு முடிவெட்டியது நான்கு பத்துக்கா, நான்கு பதினைந்துக்கா என்று காவலருக்கும் பணியாளருக்கும் கணக்கு ஒத்துப்போகவில்லை. நேராக முடிதிருத்துபவரையே தேடிப் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். "கடவுள் ஒருவேளை தப்பா எழுதுவார், எங்கக்கா எழுத மாட்டா" என்று நோலா தான் வேலை பார்த்த தொப்பிக் கடையில் சொல்லிச் சிரிப்பாளாம்.

அவள் அங்கே சேர்ந்த ஏழாம் வருடம், மார்ச் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, டென்ஸ்மோர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தார். அவர் கையில் முந்தைய வாரத்து நாட்குறிப்பில் ஒரு பக்கம், நகல்களோடு இருந்தது.

"இதுல ஒரு வரி தப்பா விழுந்திருக்கு வெல்டா. ஆறு நாற்பத்திரண்டிலிருந்து ஆறு ஐம்பத்தாறு வரைக்கும் ஹோல்கம்னு இருக்கு பார். அந்த ஆள் அன்னிக்கு உள்ளேயே வரலை. வாசல்ல இருந்தவன் நாளை மாத்தி எழுதிட்டான். அந்த வரி இல்லாம திரும்ப அடிச்சுக் குடு."

ஹோல்கம் எண்ணெய்க் குத்தகைக்காரர். குத்தகை முறைகேட்டில் அவர் பெயர் அந்த மாதம் செய்தித்தாள்களில் அடிபட்டுக்கொண்டிருந்தது.

"உள்கதவுச் சீட்டுலயும் அவர் பேர் இருந்துச்சே மிஸ்டர் டென்ஸ்மோர்? நான் ரெண்டையும் வச்சுப் பார்த்துத்தான் அடிச்சேன்."

"அந்தச் சீட்டுகளையும் எடு, பாக்கலாம்."

எடுத்துக் கொடுத்தாள். அவர் பார்க்கவில்லை. மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

"அதிபருக்கு நீ செய்யற உதவி இது. அவர் உன்னைப் பத்தி எவ்வளவு உயர்வாப் பேசுவார் தெரியுமா?"

வெல்டா தட்டச்சு எந்திரத்தின் உருளையில் தாளைச் செருகினாள். அடித்து முடிக்கும்வரை அவர் அவள் தோளுக்குப் பின்னால் நின்றார். பதினான்கு நிமிடங்கள் இருந்த இடத்தில் 'அதிபர் அறையில் தனியே' என்று வந்தது. அடியில் அவள் தன் எழுத்துகளைப் போட்டாள். பழைய பக்கத்தையும் நகல்களையும் அவரே எடுத்துப்போனார்.

மே மாதம் அந்த முறைகேட்டை ஆராய விசாரணைக் குழு கூடியது. வாசல் காவலராக இருந்த க்ளீட்டஸ் மேபன் சத்தியம் செய்துவிட்டு, ஹோல்கம் அன்று மாலை வந்தார், நான்தான் உள்ளே விட்டேன் என்று சொன்னார். அதிபர் தரப்பு வழக்கறிஞர் எழுந்து நாட்குறிப்பின் பக்கத்தை நீட்டினார். அதில் அப்படி ஒரு பெயரே இல்லை. "மிஸ்டர் மேபன், அன்னிக்கு வேலைக்கு வரும்போது குடிச்சிருந்தீங்களா?" என்று அவர் கேட்டதை வெல்டா தன் வீட்டுச் சமையலறையில் வானொலியில் கேட்டாள். கூட்டம் சிரித்தது. மேபன் இல்லை என்று மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை அவர் குரல் உடைந்தது.

வெல்டாவை யாரும் விசாரணைக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் சொல்லிவிடுவேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கூப்பிடாததில் மூச்சு வந்தது. அவள் சம்பளத்தில்தான் கீஸரில் படுத்த படுக்கையாக அம்மா இருந்தாள். அதைவிட, அந்த அதிபர் தினமும் அவள் அறையைத் தாண்டும்போது தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னவர். மேபனை வேறிடத்துக்கு மாற்றினார்கள். இலையுதிர்காலத்துக்குள் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்று பேசிக்கொண்டார்கள். அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

ஸ்ப்ரேக் சொன்னபடி பத்து மணிக்கு வந்தார். நாற்பது வயது, மூக்குக் கண்ணாடி, முழங்கை தேய்ந்த கோட்டு. ரெக்கார்டரை மேஜையில் வைத்து ஒயரைச் சுவரில் மாட்டினார். நோலா கேக்கை வெட்டி வைத்துவிட்டு, போகச் சொல்லியும் போகாமல் அடுப்புப் பக்கம் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

முதல் ஒரு மணி நேரம் சுலபமாகப் போனது. விருந்து, நாய்க்குட்டி, முடிவெட்டிய கதை எல்லாம் வந்தன. ஸ்ப்ரேக் சிரித்தார். நாடாவைத் திருப்பிப் போட்டார். பிறகு பையிலிருந்து ஓர் அட்டை உறையை எடுத்தார். அதில் சில பக்கங்கள் இருந்தன.

"ஒரு சின்ன விஷயம், மிஸ் ஹார்ட்ஸெல். மாசக்கணக்கா இந்தப் பக்கங்களோடயே குடித்தனம் பண்றேன். இந்த வாரத்துப் பக்கமெல்லாம் பாருங்க, எழுத்து மங்கலா இருக்கு. ரிப்பன் தேஞ்சிருக்கு. நடுவுல இந்த ஒரு நாள் மட்டும் மை கறுகறுன்னு இருக்கு. அடுத்த நாள் மறுபடி மங்கல். அது ஏன்னு உங்களுக்கு நினைவிருக்கா?"

அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. வேலையில் ஊறிய மனிதனின் ஆர்வம் மட்டும்தான். வெல்டா அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். ரிப்பன் சிக்கிக்கொண்டது, வேறு எந்திரத்தில் அடித்தேன் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடலாம். அந்த வாக்கியம் நாக்கு நுனியில் வந்து நின்றது. நாடா சுற்றிக்கொண்டிருந்தது. நோலா துடைப்பதை நிறுத்திவிட்டாள்.

"மெஷினை நிறுத்தணுமா?" என்றார் ஸ்ப்ரேக்.

"வேண்டாம்." அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். "அந்தப் பக்கம் ஒரு வாரம் கழிச்சு, புது ரிப்பன்ல ரெண்டாவது தடவை அடிச்சது. முதல் பக்கத்துல ஹோல்கம் பேரு இருந்துச்சு. மிஸ்டர் டென்ஸ்மோர் சொல்லி நான் எடுத்தேன். அந்தக் காவலர் சொன்னது நிஜம். பொய் சொன்னது நான்."

அதற்குப் பிறகு நிற்காமல் எல்லாம் வந்தது. கதவு சாத்தியது, கோட்டுப் பை, தோளுக்குப் பின்னால் நின்ற நிழல். ஸ்ப்ரேக் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சீட்டு, நகல், ஏதாவது இருக்கா உங்ககிட்ட?"

"ஒண்ணும் இல்லை. என் வாய்தான்."

அவர் ஒப்புதல் படிவத்தை எடுத்து வைத்தார். "இதுல மூணு வழி இருக்குங்க. உடனே திறந்து வைக்கலாம். உங்க காலத்துக்கு அப்புறம் திறக்கலாம். இருபத்தஞ்சு வருஷம் பூட்டியும் வைக்கலாம், நிறையப் பேர் அப்படித்தான் செய்யறாங்க. அதுல தப்பே இல்லை. நான் ஒளிக்காமச் சொல்றேன், மிஸ்டர் டென்ஸ்மோர் எங்க புரவலர் குழுத் தலைவர். இது திறந்தா என் பாடும் கொஞ்சம் கஷ்டம்தான். ஆனா அதுக்காக நீங்க பூட்ட வேண்டாம்."

"க்ளீட்டஸ் மேபன் உயிரோட இருக்காரா?"

"தெரியலைங்க. நாங்க அவரைக் கேக்கவே இல்லை. யாரும் பட்டியல்ல சேக்கலை."

நோலா ஈரத் துணியோடு மேஜைக்கு வந்தாள். "வெல்டா, நீ இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த வானொலிப் பொட்டியில அவன் அழுதப்ப, பாவம் குடிகாரன்னு நான் சொன்னேன். நீ பக்கத்துலயே நின்னு பீன்ஸ் உரிச்சுக்கிட்டிருந்தே."

"ஆமா."

"கையெழுத்துப் போடுடி. போட்டுட்டு அந்த ஆளைத் தேடு."

உடனே திறக்கலாம் என்ற கட்டத்தில் வெல்டா குறியிட்டாள்.

மேபன் மேரிலாந்தில் ஃபிரெடெரிக் ஊருக்கு வெளியே இருப்பதாக ஸ்ப்ரேக் நான்கு நாளில் தேடிச் சொன்னார். நோலாதான் கார் ஓட்டினாள். ஒரு தகரக் கொட்டகை முன்னால், புல் வெட்டும் எந்திரங்கள் பிரித்துக் கிடந்த நடுவில், எண்ணெய்க் கறைக் கைகளோடு ஒரு முதியவர் குந்தியிருந்தார். வெல்டா தன் பெயரைச் சொன்னதும் அவருக்குப் புரியவில்லை. பக்கத்தின் அடியில் இருந்த எழுத்துகளைச் சொன்னாள். அவர் மெல்ல எழுந்து நின்றார்.

"வி.எச். அந்த ரெண்டு எழுத்தை என் மூக்குக்கு நேரா நீட்டுனாங்க. அது யாரா இருக்கும்னு ரொம்ப வருஷம் ரோசனை பண்ணிக்கிட்டுக் கிடந்தேன். ஆம்பளைன்னு நெனச்சேன்."

அவள் நடந்ததைச் சொன்னாள். மன்னிப்பு என்ற சொல் வாயில் வரும்போதே அவர் கையை உயர்த்தினார்.

"அது வேணாம் அம்மணி. அது எனக்கு எதுக்கும் ஆகாது. அன்னிக்கு நான் குடிக்கல. ஒரு சொட்டுக் குடிச்சதில்ல. அதுக்கப்புறம்தான் குடிச்சேன், தெரியுமா? எல்லாரும் குடிகாரன்னாங்க, சரி, இருந்துட்டுப் போவோம்னு குடிச்சேன். ஒம்பது வருஷம். அந்த ஒம்பது வருசத்துல வீடு போச்சு, பொஞ்சாதி போனா. எம் பொண்ணு ரோடா ஒகையோவுல இருக்கா. அப்பன் ஊரறியப் பொய் சொன்ன குடிகாரன்னு அவ இன்னும் நம்புறா. குடிய விட்டுப் பதினோரு வருசம் ஆச்சுன்னு சொன்னாலும் கேக்க ஆளில்ல."

நோலா கார் கதவைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"நான் என்ன செய்யணும்?" என்றாள் வெல்டா.

"டேப்புல சொன்னதை என் பொண்ணுகிட்ட சொல்லு. இப்பவே. நான் சொன்னா அவ போனை வச்சுருவா."

அவருடைய சமையலறைச் சுவரில் தொலைபேசி இருந்தது. எண்ணை அவரே மனப்பாடமாகச் சொன்னார். வெல்டா சுழற்றினாள். மறுமுனையில் எச்சரிக்கையான ஒரு பெண் குரல் எடுத்தது. வெல்டா தன் பெயரையும், தான் எங்கே வேலை பார்த்தாள் என்பதையும் சொன்னாள். பிறகு அந்த மார்ச் மாதத்தைச் சொன்னாள். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. வைத்துவிடுவாளோ என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பயந்துகொண்டே வெல்டா கடைசிவரை சொல்லி முடித்தாள்.



"இது நிஜமா?" என்றாள் ரோடா. "யாராச்சும் சொல்லச் சொன்னாங்களா? அவர் சொல்லச் சொன்னாரா?"

"அன்னிக்கு எழுதச் சொன்னாங்க, எழுதினேன். இதை யாரும் சொல்லித் தரலை. இதெல்லாம் நூலகத்துல பதிவாகியிருக்கு. எழுத்தாகி வந்ததும் யார் வேணும்னாலும் போய்ப் படிக்கலாம்."

"அவர் பக்கத்துல இருக்காரா?"

"இருக்கார்."

"போனை அவர்கிட்ட குடுங்க."

மேபன் கால்சட்டையில் கையைத் துடைத்தார். துடைத்தும் கறை போகவில்லை. அப்படியே வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். வெல்டா வெளியே வந்து காரில் உட்கார்ந்தாள். நோலா பையிலிருந்து ஒரு ரொட்டித் துண்டை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

முக்கால் மணி நேரம் கழித்து அவர் வாசலில் வந்து நின்றார். கண்கள் சிவந்திருந்தன. "அடுத்த வாரம் வர்றாளாம். பேரப்பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு." பிறகு, "நீங்க இப்பக் கிளம்புங்க" என்றார். நன்றி சொல்லவில்லை. வெல்டா அதை எதிர்பார்க்கவும் இல்லை.

பதிவை எழுத்தாக்கி நூலகம் வெளியிட ஐந்து மாதம் ஆனது. டென்ஸ்மோர் அதை முற்றிலும் மறுத்து இரண்டு பக்கக் கடிதம் அனுப்பினார். ஸ்ப்ரேக் அதையும் அதே கோப்பில் சேர்த்து வைத்தார். அவர் வேலைக்கு ஆபத்து வரவில்லை, பதவி உயர்வும் வரவில்லை. வெல்டாவின் பழைய சகாக்களில் சிலர் அவளோடு பேசுவதை நிறுத்தினார்கள். கிறிஸ்துமஸ் அட்டைகள் பாதியாகக் குறைந்தன. மறு வசந்தத்தில் ஸ்ப்ரேக் ஃபிரெடெரிக்குக்குப் போய், தகரக் கொட்டகையில் ரெக்கார்டரை வைத்து, க்ளீட்டஸ் மேபனை மூன்று மணி நேரம் பேசவைத்தார். அந்த எழுத்துப்படி அச்சாகி வந்ததும் ஒரு பிரதி வெல்டாவுக்கும் வந்தது. அவள் அதைச் சமையலறை மேஜையில் விரித்து, முதல் பக்கத்திலிருந்து, ஒரு வரிகூட விடாமல் வாசித்தாள்.