முப்பத்து நான்கு எஃப்

என் அக்கா ஜொஹரா பீவியின் கணவர் உபைதுல்லாவுக்கு விமானத்தைப் பற்றித் தெரியாதது ஒன்றும் கிடையாது, அதில் ஏறி உட்கார்ந்ததில்லை என்பதைத் தவிர. சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருபத்தாறு வருடமாக டிக்கெட் கடை வைத்திருக்கிறார். அதே கடையில் ஓர் ஓரமாக உட்கார்ந்து பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்புகிறவன் நான். எந்த ரக விமானத்தில் வரிசைக்கு எத்தனை பேரை அடைக்கிறார்கள், எந்த சீட்டின் முதுகு சாயாது, எந்த ஜன்னல் சீட்டுக்கு ஜன்னலே இருக்காது என்பதெல்லாம் கேட்காமலே சொல்வார். கேட்டுவிட்டால் டீ ஆறிப்போகும்.

சேத்தியாத்தோப்பு, கம்மாபுரம் பக்கமிருந்து மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா போகிறவர்கள் எல்லாரும் மச்சானிடம்தான் வருவார்கள். கணவனும் மனைவியுமாகப் போகிறவர்களுக்கு அவர் ஒரு வித்தை வைத்திருந்தார். 787 ரகத்தில் வரிசைக்கு ஒன்பது சீட், நடுப்பகுதியில் மூன்று. டி, எஃப் இரண்டும் நடைபாதை ஓரம், இடையில் இ. ஓரம் இரண்டையும் வாங்கிவிட்டு நடுவை விட்டுவிட வேண்டும். நடு சீட்டை யாரும் விரும்பிக் கேட்பதில்லை. காலியாகக் கிடந்தால் மூன்றும் நமக்கே.

"அப்புடியே எவனாவது நடுவுல வந்து உக்காந்துட்டா, ஒண்ணா வந்தோம்னு மட்டும் வாயத் தொறக்காதீங்க. தனித்தனின்னு சொல்லிடுங்க. இல்லன்னா எடம் மாத்துறேன்னு ஓரத்தப் புடுங்கிக்குவான்" என்பார்.

கம்மாபுரத்துக் கொளஞ்சியம்மாள் தனியாகப் போனவர். அவருக்கு ஜன்னல் சீட் போட்டுக் கொடுத்திருந்தார். ஊர் திரும்பியதும் கடைக்கு வந்து, "பதினாறு மணி நேரம் பச்சத்தண்ணி வாயில வைக்கல பாய். குடிச்சா எழுந்து போவணும். போவணும்னா ரெண்டு ஆம்பளைய எழுப்பணும்" என்றார். மச்சான் சிரித்தார். "வாயத் தொறந்து கேட்டா வழி வுடப்போறான், இதுல இன்னா கூச்சம்?" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

போன வருடம் அக்கா மகள் சமீராவுக்கு ஹூஸ்டனில் தலைப்பிரசவம். அக்காவுக்கு முட்டி வலி, தனியாக அனுப்ப முடியாது. மச்சானுக்குச் சர்க்கரை, ஒன்றரை மணிக்கு ஒரு தரம் எழுந்து போயே ஆக வேண்டும். அதனால் இரண்டு மாதம் முன்பே முப்பத்து நான்காவது வரிசையில் டி-யும் எஃப்-பும் எடுத்துவிட்டார். தினமும் காலையில் கடைக் கணினியைத் திறந்து நடு சீட் காலியாக இருக்கிறதா என்று பார்த்துச் சந்தோஷப்படுவார்.

மேற்கொண்டு நடந்ததில் பாதியை மச்சான் சொன்னார், மீதியை அக்கா சொன்னாள். முரண்படுகிற இடங்களில் அக்கா சொன்னதையே எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து வளைகுடா வரை நாலு மணி நேரம் நன்றாகத்தான் போயிருக்கிறது. அங்கே இறங்கி அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும்போது, கண்ணாடி வழியாக வெளியே பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். 787-இன் இஞ்சின் உறையின் பின்விளிம்பு ரம்பப் பல் போல இருக்கும். வெளியே நின்றதற்குப் பல் இல்லை.

"புள்ள, ரகத்த மாத்திட்டானுங்க. இது 777. வரிசைக்குப் பத்து பேரு."

"பத்து பேருன்னா?"

"நடுவுல நாலு சீட்டு. டி, இ, எஃப், ஜி. என் எஃப் இப்ப ஓரம் இல்ல."

கவுண்டருக்கு ஓடினார். விமானம் நிறைந்துவிட்டது, ஓரம் எதுவும் இல்லை, சீட் எண் மாறவில்லையே என்று அங்கிருந்த பெண் சிரித்தபடி சொல்லிவிட்டாள். எண் மாறவில்லைதான்.

அக்கா டி-யில் ஓரமாக உட்கார்ந்தாள். இ-யில் நெய்வேலியைச் சேர்ந்த ஒரு தம்பி, வாட்டசாட்டமான ஆள். எஃப்-பில் மச்சான். ஜி-யில் ஒன்றரை வயதுப் பெண் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வடநாட்டுப் பெண். நெய்வேலித் தம்பி நல்ல பிள்ளை. உட்காரும்போதே, "நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா வந்தவுங்களா? அம்மா இப்புடி வந்தா நா ஓரத்துக்குப் போய்க்கிறேன்" என்று கேட்டிருக்கிறான்.

மச்சானுக்கு இருபத்தாறு வருடத்துப் பாடம் வாயில் தயாராக இருந்தது. "இல்ல தம்பி, தனித்தனி."

அக்கா திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பெல்ட்டை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

விமானம் கிளம்பியது. முன் சீட்காரர் முதுகைச் சாய்த்ததும் திரை மச்சானின் மூக்குக்கு நேராக வந்தது. முட்டியை எந்தப் பக்கமும் திருப்ப முடியவில்லை. கைப்பிடி இரண்டும் அடுத்தவர்களுக்குப் போய்விட்டன. சீட்டின் அகலம் எத்தனை அங்குலம் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர், அந்த அங்குலத்துக்குள் தோளைச் சுருக்கி உட்கார்ந்திருந்தார்.

முதல் மூன்று தடவையும் தம்பி சட்டென்று எழுந்தான். நாலாம் தடவை சாப்பாட்டுத் தட்டைக் கையில் தூக்கிக்கொண்டு எழுந்தவன், "அடிக்கடி போறவரு ஓர சீட்டா வாங்கியிருக்கலாமே சார்" என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். மச்சானுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. இனி இவனைக் கேட்பதில்லை என்று முடிவு செய்துவிட்டார்.

வெளியே நல்ல பகல். ஆனால் ஜன்னலையெல்லாம் மூடி, விளக்கை அணைத்து எல்லாரையும் தூங்க வைத்துவிட்டார்கள். தம்பி கண்ணில் பட்டையைக் கட்டிக்கொண்டு குறட்டை விட்டான். அந்தப் பக்கம் போகலாம் என்று திரும்பினால், நாலு மணி நேரம் அழுத குழந்தையை அதன் தாய் காலடியில் போர்வை விரித்துப் படுக்க வைத்திருந்தாள். பணிப்பெண் ஒரு தரம் வந்து எடுக்கச் சொன்னாள். எடுத்தாள், அவள் போனதும் மறுபடி கிடத்தினாள். தாயும் தூங்கிவிட்டாள். ஒரு எட்டு வைத்தால் நடைபாதை. ஆனால் படுத்திருக்கிற பிள்ளையைத் தாண்டினால் அது வளராது என்று கேட்டு வளர்ந்த கால் எப்படி எழும்? பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிற வழியில் இன்னொருத்தியின் பிள்ளையைத் தாண்டுவதா? அவரால் முடியவில்லை.

அக்காவைக் கூப்பிடலாம். ஆனால் யாரென்றே தெரியாதவளை எப்படிக் கூப்பிடுவது?

அடிவயிறு கல்லாகிவிட்டது. திரையில் குட்டி விமானம் கடல் மேல் நகராமல் நின்றது. இன்னும் ஏழு மணி இருபது நிமிடம். சமீரா தைத்துப் போட்டுக்கொண்டு வரச் சொன்ன வெள்ளைச் சட்டையும் புதுப் பேன்ட்டும் போட்டிருந்தார். இதிலேயே நனைந்துவிட்டால் மகள் முன்னால் எப்படிப் போய் நிற்பது என்ற ஒரே பயம்தான் மனதில் இருந்தது. ஏசிக் குளிரிலும் நெற்றி வேர்த்தது. அழுதுவிடுவேன் போல இருந்தது என்று அவரே என்னிடம் சொன்னார்.

அக்கா தூங்கவில்லை. தூங்குகிற மாதிரி இருந்தாள். இருட்டில் அவர் முகத்தைப் பார்த்தவள், முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து தம்பியின் தோளைத் தட்டினாள்.

"தம்பி, கொஞ்சம் எழுந்திரிங்க. அவரு எங்க வூட்டுக்காரருதான். சக்கரை இருக்கு. ரொம்ப நேரமா அடக்கிக்கிட்டு இருக்காரு."

தம்பி கண்பட்டையை மேலே ஏற்றினான். "தனித்தனின்னு சொன்னாரேம்மா."

"அவரு சொல்லுவாரு. முப்பத்தோரு வருஷமா ஒண்ணாத்தான் வரோம்."

மச்சான் போய்த் திரும்பி வந்தபோது அக்கா எஃப்-பில் உட்கார்ந்திருந்தாள். டி காலியாக இருந்தது.

"ஒனக்கு முட்டி வலி இருக்கே" என்றார்.

"நீங்க ஓரத்துல உக்காருங்க. எனக்கு எழுந்துக்கிற வேல இல்ல."

கொஞ்ச நேரத்தில் பணிப்பெண் தண்ணீர்த் தட்டோடு வந்தாள். மச்சான் ஒரு டம்ளரை எடுத்து அக்காவுக்கு நீட்டினார். அவள் கையை ஆட்டினாள். தாகமில்லை என்றாள். மறுபடி வந்தபோதும் அதையே சொன்னாள். மூன்றாவது தடவை மச்சான், "குடி புள்ள, நா தம்பிய எழுப்புறேன்" என்று கெஞ்சினார். "பாவம், அந்தத் தம்பிய இன்னும் எத்தினி தடவ எழுப்புறது" என்றாள். ஏழு மணி நேரமும் உதட்டை நனைக்கவில்லை.

ஹூஸ்டனில் இறங்கியதும் மச்சான் எனக்குப் போன் செய்தார். குழந்தை பிறந்துவிட்டதோ என்று எடுத்தேன்.

"வதூது, கம்மாபுரத்து அம்மா திரும்பவும் போறாங்கல்ல. அவுங்க ஜன்னல் சீட்ட மாத்தி சி போடு. வரிசைக்கு ஒம்போதுன்னாலும் பத்துன்னாலும் சி ஓரந்தான்."

"சரி மச்சான். அக்கா எங்க?"



"இங்கதான் நிக்கிறா. தண்ணி குடிக்கிறா" என்றார். "மூணாவது டம்ளரு."